ஆட்டுப்பாலும் ஒரு டைரியும்: காந்தி தன் உடம்பில் செய்த உணவுச் சோதனைகளில் எது சரி, எங்கே சறுக்கல்?

புதுச்சேரி உப்பளத்துக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அங்கிருந்து வண்டியை எடுத்தால் சில நிமிடங்களில் கடற்கரைச் சாலை காந்தி சிலைக்கு வந்துவிடலாம். உப்பு, காந்தி என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது 1930 தண்டி யாத்திரைதான். ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே, தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில், தன் சாப்பாட்டிலிருந்து உப்பையே தூக்கியவர் காந்தி. அதற்குக் காரணம் அரசியல் இல்லை. மனைவி கஸ்தூரிபாவின் உடல்நிலை.

இன்றைக்கு நம்மில் பலரும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, வாரத்தில் மூன்று நாள் தலைவலி, காலையில் எழும்போதே சோர்வு. டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். போனைத் திறந்தால் ஒரு ரீல் பாலை விடச் சொல்கிறது, அடுத்த ரீல் கோதுமையை விடச் சொல்கிறது. எதை விடுவது, எத்தனை நாளைக்கு விடுவது, விட்டபிறகு என்ன செய்வது?

இந்தக் கேள்விகளோடு ஏறத்தாழ 60 வருஷம் வாழ்ந்தவர் காந்தி. அவருடைய உணவு வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவைக் கண்டுபிடிக்கும் வழியும் தெரியும், அந்த வழியில் எங்கே கால் வழுக்கும் என்பதும் தெரியும்.

லண்டனில் ஆரம்பித்த பழக்கம்

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, சட்டம் படிக்க 1888-ல் லண்டன் போனார். அம்மாவுக்கு அசைவம் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதல் சில வாரங்கள் பாதிப் பட்டினி. வேகவைத்த காய்கறியும் ரொட்டியும் வயிற்றுக்குப் போதவில்லை. பிறகு ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. அங்கே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய புத்தகமும் கிடைத்தது. வாக்குக்காக மட்டும் சைவமாக இருந்தவர், அதன்பின் விரும்பியே சைவம் ஆனார்.

அங்கிருந்துதான் சோதனைகள் தொடங்கின. ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்திப் பார்த்தார். டீ, காபியை விட்டு கோகோவுக்கு மாறினார். கொஞ்ச காலம் மாவுப் பொருளை ஒதுக்கினார். இன்னொரு சமயம் ரொட்டியும் பழமும் மட்டும். செலவு குறைய வேண்டும், உடம்பும் நன்றாக இருக்க வேண்டும், இரண்டும்தான் நோக்கம். மசாலா இல்லாமல் வெறுமனே வேகவைத்த கீரை பிடிக்க ஆரம்பித்ததும், ருசி இருப்பது நாக்கில் இல்லை, மனதில் என்ற முடிவுக்கு வந்தார்.

1893: பிரிட்டோரியாவில் ஒரு உணவு டைரி

வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்கா போன முதல் வருஷம். வயது 23. லண்டன் சைவச் சங்கத் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ், சமைக்காத உணவில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது என்று சொல்லிவந்தார். கப்பல் கட்டும் ஆலையின் முதலாளி அவர். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக அவர் ஆரம்பித்த கால்பந்து அணிதான் பின்னாளில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது என்பது கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்.

அந்தக் கொள்கையை காந்தி 1893 ஆகஸ்ட் கடைசியில் தன்மேல் சோதித்தார். கோதுமை, பட்டாணி, அரிசி எல்லாம் பச்சையாக. கூடவே உலர்திராட்சை, கொட்டைகள், ஆரஞ்சு. முக்கியமான விஷயம், தினமும் என்ன சாப்பிட்டார், எத்தனை கரண்டி சாப்பிட்டார், உடம்பு எப்படி இருந்தது என்று தேதி போட்டு எழுதிவைத்தார். சோதனை தொடங்கும்போதே தனக்குச் சளி இருந்தது என்பதைக்கூட விடவில்லை. போகப்போகச் சோர்வு வந்தது. மெல்லுவதே பெரிய வேலையாகிப் பல் வலித்தது. சுமார் பத்து நாளில் சோதனையை நிறுத்திவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார். அந்தக் குறிப்புகளை அடுத்த வருஷம் லண்டன் சைவச் சங்கத்தின் பத்திரிகை வெளியிட்டது.

இன்றைக்கு வயிற்றுப் பிரச்சினைக்கு உணவு நிபுணரைப் பார்த்தால் அவர் முதலில் கேட்பதும் இதைத்தான். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதன்பின் என்ன ஆச்சு? அந்த டைரியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் அவர் நிறுத்தினார். கொள்கை பெரிதா, உடம்பு சொல்வது பெரிதா என்றால், அன்றைக்கு உடம்பின் பக்கம் நின்றார்.

காலை டிபனை விட்டதும் தலைவலி போச்சு

ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் சூடுபிடித்த காலம். உட்கார்ந்தே வேலை. மலச்சிக்கலும் அடிக்கடி தலைவலியும் வந்தன. பேதி மருந்தில் நாட்கள் ஓடின. அப்போதுதான் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காலை உணவைத் தவிர்ப்போர் சங்கம் ஒன்று இருப்பதாகப் படித்தார். தன் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று வேளை நல்ல சாப்பாடு, நடுவில் மாலை டீ வேறு. காலை உணவை நிறுத்தினார். முதல் சில நாள் கஷ்டம். பிறகு தலைவலி அடியோடு போய்விட்டது. தேவைக்குமேல் சாப்பிட்டதுதான் காரணம் என்று முடிவுசெய்தார்.

ஆனால் மலச்சிக்கல் போகவில்லை. அதற்குத் தொட்டிக் குளியல், வயிற்றில் ஈரமண் கட்டு என்று வேறு வழிகளைத் தேடினார். ஒரு மாற்றம் ஒரு அறிகுறியைத் தீர்த்தது, இன்னொன்றைத் தீர்க்கவில்லை என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ ஒன்றை விட்டால் எல்லாமே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

உப்பும் பருப்பும்: குணமானது எதனால்?

இப்போது அந்த உப்புக் கதை. கஸ்தூரிபாவுக்கு ரத்தப்போக்கு. டர்பனில் அறுவை சிகிச்சை நடந்து, கொஞ்ச நாள் நன்றாக இருந்து, மறுபடி ஆரம்பித்தது. தண்ணீர் சிகிச்சை பலன் தரவில்லை. உப்பையும் பருப்பையும் விட்டுப்பார்க்கலாம் என்றார் காந்தி. உங்களையே விடச்சொன்னால் நீங்கள்கூட விடமாட்டீர்கள் என்கிற மாதிரி கஸ்தூரிபா பதில் சொன்னார். அவ்வளவுதான். அந்த நிமிஷமே ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விடுவதாக காந்தி அறிவித்துவிட்டார். கஸ்தூரிபா அழுது, தானே விட்டுவிடுவதாகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒரு வருஷம் என்று சொன்னது பல வருஷமாக நீண்டது.

கஸ்தூரிபா தேறினார், ரத்தப்போக்கும் நின்றது. அப்படியானால் உப்பும் பருப்பும்தான் காரணமா? இந்த இடத்தில் காந்தி நேர்மையாக இருந்தார். குணமானது உப்பு, பருப்பை விட்டதாலா, அதையொட்டிச் சாப்பாட்டில் வந்த மற்ற மாற்றங்களாலா, எல்லா விஷயத்திலும் தான் வைத்த கண்டிப்பான கவனத்தாலா, இல்லை அந்தச் சம்பவம் தந்த மனமகிழ்ச்சியாலா, அப்படியென்றால் எந்த அளவுக்கு என்று தன்னால் சொல்லமுடியாது என்பதைத் தன் சுயசரிதையிலேயே எழுதிவைத்தார்.

ஒரே நேரத்தில் பல விஷயம் மாறினால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்லமுடியாது. பாலை விட்ட அதே வாரம் ராத்திரி பிரியாணியையும் நிறுத்தி, சீக்கிரம் தூங்கி, ஆபீஸுக்கு லீவும் போட்டவர், பால்தான் எதிரி என்று எப்படி முடிவுகட்ட முடியும்?

சோதனை விரதமானபோது

பாலைப் பற்றி காந்திக்குப் பல வருஷமாகவே சந்தேகம் இருந்தது. புலனடக்கத்துக்குப் பால் தடை என்று நினைத்தார். கல்கத்தாவில் மாடுகளைக் கொடுமைப்படுத்திப் பால் கறக்கும் முறையைப் பற்றிப் படித்தது மனதைப் புரட்டியது. 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். 1913-ல் உடல்நலம் பற்றிக் குஜராத்தியில் தொடர் எழுதியபோது, பால் வேண்டாம் என்று வாசகர்களுக்கும் சொன்னார்.

கவனியுங்கள். இங்கே கேள்வியே மாறிவிட்டது. பால் என் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது ஒரு கேள்வி. பால் குடிப்பது அறமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சோதனை போதும். இரண்டாவதற்கு அவர் விரதம் எடுத்தார். விரதம் எடுத்தபிறகு மறுபடி குடித்துப் பார்க்க வழியே இல்லை. 1914-ல் லண்டனில் நுரையீரல் உறையில் அழற்சி வந்து படுத்தபோது, டாக்டர் ஜீவராஜ் மேத்தா பால் குடிக்கச் சொன்னார். தான் மிகவும் மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். ஓர் இரவு யோசித்துவிட்டு காந்தி மறுத்துவிட்டார்.

1918: சாவின் வாசல் வரை

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த சமயம். அப்போது அவருடைய முக்கியச் சாப்பாடு வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அது கொஞ்சம் அதிகமாகி, லேசான வயிற்றுக்கடுப்பு வந்தது. சாப்பாட்டை நிறுத்தியதும் ஓரளவு நின்றது. மறுநாள் ஏதோ ஒரு பண்டிகை. கஸ்தூரிபா அவருக்காகவே பாலும் நெய்யும் சேர்க்காமல், எண்ணெயில் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பாசிப்பயறும் வைத்திருந்தார். மதியம் சாப்பிட வேண்டாம் என்று இருந்தவர், திருப்தியாகவே சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்கடுப்பு கடுமையானது. நடியாத்தில் படுக்கையில் விழுந்தார். 24 மணி நேரத்தில் 30, 40 முறை போனது. மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றார். செத்துவிடுவோம் என்றே நினைத்தார்.

கடுமையான வயிற்றுக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் கிருமித்தொற்று. ஆனால் நோய் வந்தது எதனால் என்பதைவிட, உடம்பு ஏன் தேறவில்லை என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. பால் இல்லை, நெய் இல்லை. முட்டை, இறைச்சி என்ற பேச்சே இல்லை. அந்த நிலைமையில் பருப்பும் செரிக்காது. ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் சாப்பிட ஒன்றுமே மிஞ்சாத இடத்துக்கு வந்திருந்தார். மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியவில்லை.

பம்பாயில் ஆசனவாய் வெடிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யவந்த டாக்டர் தலால், பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்று உறுதியாகச் சொன்னார். விரதம் என்றார் காந்தி. அப்போது கஸ்தூரிபா ஒரு வழி காட்டினார். விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? காந்தி ஒப்புக்கொண்டார், தேறவும் செய்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றுவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் அவரைவிட்டுப் போகவே இல்லை.

ஆட்டுப்பால் பசும்பாலுக்கு மாற்றா?

காந்தி ஆட்டுப்பாலுக்கு மாறியது ஒவ்வாமையால் இல்லை, விரதத்தால். இது ஏன் முக்கியம் என்றால், பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டுப்பால் பாதுகாப்பு என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பால் சர்க்கரையான லாக்டோஸ் ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு உண்டு. பசும்பால் புரதத்துக்கு அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் அலர்ஜிதான்.

தன்னைத் தானே திருத்திக்கொண்ட காந்தி

1929-ல் மறுபடி பச்சை உணவு. ஆசிரமத்தில் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்து, யங் இந்தியாவில் எழுதினார். சில மாதத்தில் வயிறு கெட்டது. நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார், அதையும் எழுதினார். பாலை விடுங்கள் என்று 1913-ல் தான் சொன்னதை நம்பி விட்டவர்களுக்கும் சுயசரிதையில் ஒரு செய்தி வைத்தார். நன்மை தெரிந்தாலோ, அனுபவமுள்ள மருத்துவர் சொன்னாலோ தவிர, என்னைப் பின்பற்றாதீர்கள். செரிமானம் பலவீனமானவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் பாலுக்கு நிகரான எளிய, சத்தான உணவு தனக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் சாரம்.

1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்த காந்தி, இப்படிப் பல முறை தன்னைத் திருத்திக்கொண்ட காந்தி. 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில், பழைய புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு உடல்நலம் பற்றிப் புதிதாகவே எழுதினார். அதில் தந்த தினசரி உணவுப் பட்டியலில் முதல் வரியே பசும்பால், 2 பவுண்டு. அதாவது சுமார் 900 கிராம்! 29 வருஷத்தில் அனுபவம் அவரை எதிர்த்திசைக்குக் கொண்டுவந்திருந்தது. 1948-ல் கொல்லப்படும் வரை, சோதனை என்ற சொல்லை மட்டும் அவர் விடவில்லை.

இன்றைய மருத்துவம் எப்படிச் செய்கிறது?

1920களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் ரோவ் என்ற மருத்துவர், சந்தேகத்துக்குரிய உணவுகளை நீக்கிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். 1940களில் நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, சீலியாக் நோய்க் குழந்தைகள் கோதுமையை நீக்கினால் தேறுகிறார்கள், திரும்பக் கொடுத்தால் மோசமாகிறார்கள் என்று காட்டினார். கடைசிப் பாதியைக் கவனியுங்கள். திரும்பக் கொடுத்துப் பார்த்ததால்தான் அது நிரூபணமாச்சு.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம், எரிச்சல் கொண்ட குடல் எனப்படும் ஐபிஎஸ் பிரச்சினைக்கு உருவாக்கிய குறை ஃபாட்மேப் உணவுமுறையும் இதே வழிதான். வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பருப்புகள், பால் போன்றவற்றை 2 முதல் 6 வாரம் குறைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வகையாகச் சில நாள் சேர்த்துப் பார்க்கிறார்கள். கடைசியில் தொந்தரவு தருவதை மட்டும் தேவையான அளவு குறைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடுகிறார்கள். பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

மூன்று பெயர்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை என்பது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாமை. உலகில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். தென்னிந்தியர்களிடமும் இது சகஜம். டம்ளர் நிறையப் பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும், பெரும்பாலும் கொஞ்சம் காபியும் கட்டித்தயிரும் பிரச்சினை செய்யாது. பால் அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. அதில் துளி பாலும் ஆபத்தாகலாம். சீலியாக், கோதுமையின் குளூட்டனால் குடலே சேதமாகும் நோய்.

ஆன்லைனில் விற்கும் உணவு சென்சிடிவிட்டி டெஸ்ட்? ரத்தத்தில் ஐஜிஜி அளவைப் பார்த்து நூறு உணவுக்குச் சிவப்பு, பச்சை போட்டுத் தருகிறார்களே, அவற்றை ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவர் அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. ஐஜிஜி இருந்தால் அந்த உணவு உங்கள் உடம்புக்குப் பழக்கம் என்று அர்த்தம், பகை என்று அர்த்தம் இல்லை.

ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள்

* முதலில் இரண்டு வாரம் எதையும் விடாமல் டைரி மட்டும் எழுதுங்கள். உணவு, அளவு, நேரம், அறிகுறி, தூக்கம். போனில் ஒரு நோட் போதும்.
* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்குங்கள். முடியும் தேதியை முன்பே குறித்துவிடுங்கள்.
* அந்தத் தேதியில் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்த உணவு நிரபராதி.
* கோதுமைமேல் சந்தேகம் என்றால், விடுவதற்கு முன்பே சீலியாக் பரிசோதனை செய்யுங்கள். விட்டபிறகு செய்தால் முடிவு தவறாக வரலாம்.
* சாப்பிட்டதும் முகம், உதடு வீங்கியது, மூச்சு திணறியது, உடம்பெல்லாம் தடித்தது என்றால் வீட்டில் சோதனையே வேண்டாம். அலர்ஜி மருத்துவரிடம் போங்கள்.
* மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுவலி இருந்தால் டைரி காத்திருக்கட்டும். ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் குடல் மருத்துவரைப் பாருங்கள்.
* குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதும் எழுதிவைப்பதும் 23 வயதிலேயே காந்திக்குக் கைவந்தது. மூன்றாவது படி, விட்டதைத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. பால் விஷயத்தில் அந்தக் கதவைப் பூட்டியது அவருடைய விரதம். அவருக்காவது அதற்கு ஒரு அறக்காரணம் இருந்தது. ஒரு ரீலைப் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுக்கத் தயிர்சாதத்தை விட நமக்கு என்ன காரணம் இருக்கிறது?